கடலில் தொடங்கி ஆற்றோடு ஏறும் இரண்டு நாள்: சொனோமா கடற்கரைக்கும் ஒயின் நாட்டுக்கும் இருவர் செல்வதற்கான வழிகாட்டி

கலிபோர்னியாவின் சொனோமா கவுண்டியில், ஜென்னர் என்னும் சிற்றூரில் ரஷ்யன் ரிவர் கடலில் கலக்கிறது. சனிக்கிழமை முழுவதும் கடலோரமாக வடக்கு நோக்கி வந்து, அந்த முகத்துவாரத்துக்கு அருகில் இரவு தங்கி, ஞாயிறு காலை அதே ஆற்றின் கரையோடு உள்நாட்டுக்குள் ஏறிச் சென்றால், வானளாவிய ரெட்வுட் மரங்களின் காடும் திராட்சைத் தோட்டங்களும் ஹீல்ட்ஸ்பர்க் ஊரின் சதுக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து கிளம்பும் தம்பதியருக்கு, இரண்டே நாளில் கடலையும் ஒயின் நாட்டையும் சேர்த்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பாதையை நான் அறியேன்.

திருமணமான முதல் ஆண்டில் நானும் என் கணவரும் இதை வேறு விதமாகச் செய்தோம். காலையில் நாபா என்னும் மற்றொரு ஒயின் பள்ளத்தாக்கு, மாலையில் கடல் என்று திட்டம் போட்டு, ஒயினைச் சுவைத்துப் பார்க்கத் தரும் சுவைக்கூடங்கள் நான்குக்கு முன்பதிவும் செய்துவிட்டோம். காரில் கழிந்த நேரம் மட்டும் ஏழு மணி நேரத்துக்கு மேல். பொடேகா பே என்னும் கடலோர ஊருக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டதால், கடலின் ஓசையைக் கேட்டோமே தவிர கடலைப் பார்க்கவில்லை. அன்று இருவருக்கும் இடையே ஏற்பட்ட மனத்தாங்கல் மறுநாள் வரை நீடித்தது. அதன்பிறகு நாபாவை ஒதுக்கிவிட்டோம். நாபா நல்ல இடம்தான், ஆனால் அது கடலிலிருந்து இரண்டு மலைத்தொடர்கள் தள்ளி இருக்கிறது. ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கோ கடலோடு நேரடியாகப் பிணைந்தது, அந்தப் பிணைப்பைப் புரிந்துகொண்டு போனால் இரண்டு நாளும் ஒரே பயணமாக அமையும்.

இரண்டையும் பிணைப்பது மூடுபனி. கலிபோர்னியாக் கடற்கரையை ஒட்டிக் கடலின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது, அதன் மேல் படியும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகத் திரள்கிறது. கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் வெப்பமேறி அங்குள்ள காற்று மேலே எழும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து இந்தப் பனிக்காற்று இழுக்கப்படுகிறது. மலைகள் தடுத்து நிற்பதால் அது நுழைய இரண்டு வாசல்களே முக்கியமாக இருக்கின்றன: ஒன்று, பெடலூமா இடைவெளி எனப்படும் தாழ்ந்த நிலப்பகுதி, மற்றொன்று, ரஷ்யன் ரிவர் ஓடும் பள்ளத்தாக்கு. மாலையில் உள்ளே புகும் பனி, மறுநாள் முற்பகலில்தான் விலகும். பினோ நுவார் என்னும் திராட்சைக்குத் தோல் மெல்லியது, வெப்பம் மிகுந்தால் விரைவில் பழுத்துத் தன் புளிப்பை இழந்துவிடும். இந்தப் பள்ளத்தாக்கில் அது சிறப்பாக விளைவதற்குக் காரணம் இரவுதோறும் கடலிலிருந்து வரும் குளிர்ச்சியே. 1983-இல் அமெரிக்க அரசு ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கைத் தனித் திராட்சைப் பகுதியாக அங்கீகரித்தபோதும் இந்தப் பனிதான் அதன் அடையாளமாகக் கருதப்பட்டது. சனிக்கிழமை மாலை கடற்கரையில் உங்கள் முகத்தில் படும் பனியை ஞாயிறு பகலில் கோப்பையில் சுவைக்கிறீர்கள்.

எப்போது போவது

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய உள்ள காலமே எனக்கு மிகவும் பிடித்தது. கடலோரத்தில் பனி குறைந்து வானம் தெளிவாக இருக்கும், தோட்டங்களில் அறுவடை நடக்கும், நொதிக்கும் திராட்சையின் வாசம் சாலை வரை வரும். ஆனால் இந்த மாதங்கள் காட்டுத்தீயின் காலமும்கூட. 2017, 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கவுண்டியில் பெருந்தீ ஏற்பட்டது. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் தீ எச்சரிக்கையையும் காற்றின் தரத்தையும் பார்க்காமல் புறப்பட வேண்டாம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களும் நல்லவை. மலைச்சரிவுகள் பச்சையாக இருக்கும், கடற்கரை மேட்டில் காட்டுப்பூக்கள் மலர்ந்திருக்கும், குட்டிகளோடு வடக்கே திரும்பும் சாம்பல் திமிங்கிலங்களைக் கரையிலிருந்தே காணலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடலோரம் பகல் முழுவதும் பனியில் மூழ்கிக் கிடக்கும். வெயிலை எதிர்பார்த்துக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அப்போது ஏமாற்றம் அடைவார்கள். குளிர்காலத்தில் புயல் அலைகளைப் பார்ப்பது தனி அனுபவம், என்றாலும் பெருமழைக்குப் பிறகு ஆறு பெருகி ஆற்றோரச் சாலைகள் மூடப்படும். 2019 பிப்ரவரி வெள்ளத்தில் கர்ன்வில் ஊர் நாற்புறமும் நீர் சூழ்ந்து தீவாகிவிட்டது.

புறப்படுவதற்கு முன்

முதலில் பேசி முடிவு செய்ய வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை யார் கார் ஓட்டுவது என்பது. இதைச் சுவைக்கூடத்து வாசலில் முடிவு செய்யக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு பயணத்தில் நான் ஓட்டினால் அடுத்த பயணத்தில் என் கணவர் ஓட்டுவார், ஓட்டுபவர் அன்று ஒயினை வாயில் வைத்துச் சுவைத்தாலும் விழுங்குவதில்லை. கலிபோர்னியாவில் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 விழுக்காட்டை எட்டினாலே ஓட்டுவது குற்றம், அதற்குக் குறைவாக இருந்தாலும் ஓட்டும் விதத்தில் தடுமாற்றம் தெரிந்தால் பிடிக்கலாம். இந்தப் பக்கத்துச் சாலைகளின் வளைவுகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருவருமே சுவைக்க விரும்பினால் அதற்கு ஒரு வழி உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தங்குமிடத்தை முடிந்தவரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஜென்னரில் அறைகள் மிகக் குறைவு. வார இறுதியில் இரண்டு இரவுகள் தங்கினால்தான் தருவோம் என்று சொல்லும் விடுதிகள் இந்தப் பகுதியில் பல உள்ளன. ஜென்னரில் கிடைக்காவிட்டால் பொடேகா பேயில் தேடுங்கள். அதுவும் கைகூடாவிட்டால் ஆற்றின் மேல் பக்கம் உள்ள மான்டி ரியோவிலோ கர்ன்விலிலோ தங்கலாம், முகத்துவாரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். கூடாரம் போட்டுத் தங்குபவர்களுக்குச் சொனோமா கடற்கரை மாநிலப் பூங்காவில் முகாம் இடங்கள் உள்ளன. அவற்றுக்கான முன்பதிவு ஆறு மாதங்களுக்கு முன்பே திறக்கிறது, கோடை வார இறுதிகள் திறந்தவுடன் தீர்ந்துவிடும்.

உடையைப் பொறுத்தவரை, ஒரே நாளில் இரண்டு பருவங்களுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். கடலோரத்தில் காற்றுத் தடுக்கும் மேலங்கியும் காதை மூடும் தொப்பியும் தேவை. அங்கிருந்து இருபத்தைந்து மைல் உள்ளே போனால், அதே நாளில் ஹீல்ட்ஸ்பர்க்கில் பருத்திச் சட்டையே போதும் என்னும் அளவுக்கு வெயில் அடிக்கும். தடித்த மணத்தைலங்களைத் தவிர்த்துவிடுங்கள், சுவைக்கூடத்தில் உங்களுக்கும் அருகில் நிற்பவர்களுக்கும் ஒயினின் மணம் தெரியாமல் போகும்.

உணவில் சைவமாக இருப்பவர்கள் சனிக்கிழமைக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவதே உத்தமம். கடலோரக் கடைகளின் பெருமை சிப்பியும் நண்டும், கிளாம் என்னும் மட்டியில் செய்யும் சூப்பும்தான். அந்தச் சூப்பில் பல இடங்களில் பன்றி இறைச்சியும் சேர்ப்பதால், மீன் மட்டும் உண்பவர்களும் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துச் செல்வோம், பொடேகா முனையில் காற்றுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து அதைச் சாப்பிடுவது பயணத்தின் நிலையான பகுதியாகிவிட்டது. வளைவுச் சாலையில் குமட்டல் வரும் என்றால் இஞ்சி மரப்பா கைவசம் இருக்கட்டும். ஜென்னருக்கு வடக்கே செல்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் கிடைக்காது என்பதால், வரைபடத்தை முன்னதாகவே தரவிறக்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலையும் பொடேகா பேயில் நிரப்பிவிடுங்கள்.

சுங்கத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கோல்டன் கேட் பாலத்தில் தெற்கு நோக்கி வரும்போது மட்டுமே கட்டணம், ரிச்மண்ட்–சான் ரஃபேல் பாலத்தில் மேற்கு நோக்கிப் போகும்போது மட்டுமே கட்டணம். ஆகவே சன்னிவேல், மவுண்டன் வியூ போன்ற ஊர்களிலிருந்து வருபவர்கள் போகும்போது கோல்டன் கேட் வழியாகவும், திரும்பும்போது ரிச்மண்ட் பாலம் ஏறி 580, 880 நெடுஞ்சாலைகள் வழியாகவும் வந்தால் எங்கும் கட்டணம் இல்லாமல் வீடு சேரலாம்.

சனிக்கிழமை: கடலோரம்

வடக்கு நோக்கிப் போகும்போது கடலோரத்தில் ஓட்டுங்கள், திரும்பும்போது உள்நாட்டு வழியாக வாருங்கள். இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், வடக்கே போகும்போது கடல் இடப்பக்கம் இருக்கிறது, எனவே உங்கள் தடம் மலையை ஒட்டியதாகவும் எதிர்த்தடம் பள்ளத்தை ஒட்டியதாகவும் அமையும். நெடுஞ்சாலை 1-இல் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. மலைச்சாலையில் பழக்கமில்லாதவர்களுக்கு இந்த ஒரு தட இடைவெளி பெரிய தைரியம் தரும். உங்களுக்குப் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சட்டம். அதை அவமானமாக நினைக்காமல் ஒதுங்கிவிடுங்கள், அதன்பின் சாலை முழுவதும் உங்களுடையது.

முதல் முடிவு காலையிலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. மில் வேலியிலிருந்து நெடுஞ்சாலை 1-ஐப் பிடித்து ஸ்டின்சன் கடற்கரை வழியாகப் போவது அழகான பாதை, ஆனால் தொடக்கத்துப் பன்னிரண்டு மைல் கடுமையான வளைவுகள். குமட்டல் உள்ளவர்களும், ஜென்னருக்கு வடக்கே ரஷ்யர்கள் குடியேறிய ஃபோர்ட் ராஸ் கோட்டையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களும் அதை விட்டுவிட்டு 101 நெடுஞ்சாலையில் பெடலூமா போய், அங்கிருந்து வேலி ஃபோர்ட் வழியாகப் பொடேகா பே சேரட்டும். இரண்டையும் ஒரே நாளில் அடக்கப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை.

ஸ்டின்சன் வழியாகப் போகிறவர்கள் ஓலெமாவுக்கு அருகில் உள்ள பேர் வேலி வருகையாளர் மையத்தில் அரை மணி நேரம் செலவிடுங்கள். அங்கே ஒரு மைலுக்கும் குறைவான நிலநடுக்கப் பாதை இருக்கிறது. சான் ஆண்ட்ரியாஸ் என்னும் நிலப்பிளவு இந்தப் பள்ளத்தாக்கின் அடியிலேயே ஓடுகிறது. 1906 நிலநடுக்கத்தின்போது நிலம் நகர்ந்ததைக் காட்ட, நேராகச் செல்லும் மரவேலி ஒன்று அறுந்து, அதன் மறுபாதி 15 அடிக்கும் அதிகமாகத் தள்ளி நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே நின்று பாருங்கள், எந்த விளக்கப் பலகையும் தேவைப்படாது. பாயின்ட் ரேயஸ் கலங்கரை விளக்கம் இங்கிருந்து அருகில் இருப்பதுபோல் வரைபடத்தில் தோன்றும். போய்த் திரும்புவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால் இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

பாயின்ட் ரேயஸ் ஸ்டேஷனுக்குப் பிறகு சாலை டோமாலஸ் விரிகுடாவை ஒட்டிப் போகிறது. நூலைப் பிடித்தாற்போல் நீண்டு குறுகிய இந்த விரிகுடாவும் அதே பிளவின் வேலைதான். மார்ஷல் என்னும் இடத்தைச் சுற்றிச் சிப்பிப் பண்ணைகள் உள்ளன, உண்பவர்கள் அங்கே நிற்கலாம். வார இறுதியில் மேசைக்கு முன்பதிவு தேவைப்படும்.

பொடேகா பேயில் ஊருக்குள் நேரம் செலவிட வேண்டாம். துறைமுகத்தைச் சுற்றி வளைந்து செல்லும் சாலையில் இறுதிவரை போனால் பொடேகா முனை வரும். போகும் வழியில் நாணல் சூழ்ந்த ஒரு குளம் தெரியும். அது அணு உலை கட்டத் தோண்டிய குழி. உள்ளூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், தோண்டிய இடத்திலேயே நிலப்பிளவும் தெரியவந்தது, 1964-இல் மின் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. அந்தப் போராட்டம் தோற்றிருந்தால் இன்று நாம் திமிங்கிலம் பார்க்க நிற்கும் இந்த முனையில் உலையின் கூடம் நின்றிருக்கும் என்பதை நினைக்கும்போது, அந்தக் குளத்தருகே ஒரு நிமிடமாவது வண்டியை நிறுத்தத் தோன்றுகிறது. முனையில், ஜனவரி முதல் மே வரை, தொலைநோக்கியோடு பொறுமையாக நில்லுங்கள். முதலில் தெரிவது திமிங்கிலத்தின் உடல் அன்று, நீர்ப்பரப்பின் மேல் எழுந்து கலையும் வெண்புகை போன்ற மூச்சுதான். ஒருமுறை அது கண்ணில் பட்டுவிட்டால் அடுத்தடுத்துத் தெரியத் தொடங்கும்.

பொடேகா பேயிலிருந்து ஜென்னர் வரை உள்ள பத்துப் பன்னிரண்டு மைலில் சிறு கடற்கரைகள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றிலும் நிற்க நினைத்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். ஷெல் பீச் ஒன்றே போதும். அங்கிருந்து கடல்மேட்டில் வடக்கே செல்லும் கோர்ட்டம் நடைபாதையில் ஒரு மணி நேரம் நடந்து திரும்புங்கள். வழியில் தனித்து நிற்கும் பாறைகளின் ஓரங்கள் சில இடங்களில் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும். பனியுகத்து மாமத யானைகள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

பெடலூமா வழியாக விரைந்து வந்தவர்கள் ஜென்னரைக் கடந்து மேலும் பதினொரு மைல் போய் ஃபோர்ட் ராஸ் கோட்டையைப் பார்க்கலாம். இந்தச் சாலை ஏறி இறங்கி வளைந்து செல்லும், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடல்நீர்நாயின் தோலுக்காக 1812-இல் ரஷ்யர்கள் இங்கே குடியேறினார்கள். நிலமோ கஷாயா போமோ என்னும் பழங்குடி மக்களுடையது. வேட்டையாடியவர்கள் அலாஸ்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பழங்குடியினர். நீர்நாய்கள் குறைந்து, பயிரும் போதிய அளவு விளையாமல், 1841-இல் எல்லாவற்றையும் ஜான் சட்டரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ரஷ்யன் ரிவர் என்ற பெயர் அவர்களால் வந்தது. 1817-இல் இங்கே நட்ட திராட்சைக் கொடிகள் கப்பலில் பெரு நாட்டிலிருந்து வந்தவை என்பது பதிவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார்க்கப்போகும் தோட்டங்களுக்கு முன்னோடி இந்தக் காற்றடிக்கும் கடல்மேட்டில்தான் வேர்விட்டது.

மாலையில் முகத்துவாரம்

சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக ஜென்னருக்குத் தெற்கே உள்ள கோட் ராக் கடற்கரைக்கு வந்துவிடுங்கள். அங்கே வடக்கு வாகன நிறுத்தத்திலிருந்து மணல்திட்டின் மேல் நடந்தால் சிறிது தூரத்தில் விசித்திரமான ஓரிடத்தை அடைவீர்கள். இடக்காதில் அலைகளின் இரைச்சல், வலக்காதில் ஏறக்குறைய மௌனம். ஒரு பக்கம் கருநீலக் கடல் சரிந்து விழுந்து நுரைக்கிறது. மறுபக்கம், நூறு தப்படிக்குள்ளேயே, ஆறு கண்ணாடி விரித்தாற்போல் அசையாமல் கிடக்கிறது. மணல் கூடிச் சில காலங்களில் ஆற்றின் வாயையே அடைத்துவிடும், அப்போது ஆறு ஏரிபோல் தேங்கி நிற்கும். திட்டின் முனையில் கடல்நாய்கள் சாம்பல் நிறக் கற்களைப் போலப் படுத்திருக்கும். உற்றுப் பார்த்தால் ஒரு கல் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்க்கும். நாங்கள் முதன்முதலில் அங்கே நின்றபோது, பனி கடலிலிருந்து எழுந்து எங்களைத் தாண்டி ஆற்றின் வழியே உள்ளே போவதைக் கண்கூடாகப் பார்த்தோம். எதிர்க்கரையில் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன, பின்னர் பாலத்துப் பக்கம் இருந்த மரங்கள் மறைந்தன. என் கண்ணிமையில் நீர்த்துளி கோத்திருந்ததை என் கணவர்தான் துடைத்துவிட்டார்.

இந்த இடத்தின் அழகுக்கு நிகராக அதன் ஆபத்தும் பெரியது. இந்தக் கடலோரத்தில், அமைதியாக வந்துகொண்டிருக்கும் அலைகளுக்கு நடுவே, முன்னறிவிப்பின்றி ஒரு பேரலை மேலேறி வந்து கரையில் நிற்பவர்களை இழுத்துச் செல்வது உண்டு. மணல் செங்குத்தாக இறங்குவதால் கால் ஊன்ற முடியாது, கோடையிலும் நீர் உறையவைக்கும் குளிர். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ காலை நனைத்துப் பழகிய நம்மவர்கள் அந்தப் பழக்கத்தில் இங்கே இறங்கிவிடக் கூடாது. கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க வேண்டாம், ஈரமணலுக்கு இறங்க வேண்டாம், ஒதுங்கிக் கிடக்கும் பெருமரங்களின் மேல் ஏற வேண்டாம். கடல்நாய்களிடமிருந்து ஐம்பது கஜமாவது விலகி நில்லுங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை குட்டிகள் இருக்கும் காலம், மனிதர்கள் நெருங்கினால் தாய் நீரில் பாய்ந்துவிடும், குட்டி தனித்துப் போகும்.

இங்கே உணவகங்கள் சிலவே, அவையும் சீக்கிரம் மூடிவிடும். ஏழு மணிக்குள் இரவு உணவை முடிக்கத் திட்டமிடுங்கள்.

ஞாயிறு: ஆற்றை எதிர்த்து

காலையில் நெடுஞ்சாலை 116-ஐப் பிடித்து ஆற்றங்கரையோடு கர்ன்வில் போங்கள். பதின்மூன்று மைல்தான். பனியின் அடியிலேயே போகிறீர்கள் என்பதை மறவாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். கர்ன்விலுக்கு வடக்கே ஆர்ம்ஸ்ட்ராங் ரெட்வுட் காப்பகம் இருக்கிறது. வண்டியை வாயிலுக்கு வெளியே உள்ள நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து உள்ளே போனால் கட்டணம் இல்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாகக் கணிக்கப்படும் மரமும் 300 அடிக்கு மேல் உயர்ந்த மரமும் சமதரையான பாதையிலேயே இருக்கின்றன. இந்த மரங்கள் மழையில்லாக் கோடையைத் தாண்டுவதும் அதே பனியால்தான். இலைகளில் படிந்த ஈரம் துளித்துளியாக வேருக்குச் சொட்டுகிறது, ஒரு பகுதியை இலைகளே உறிஞ்சிக்கொள்கின்றன. வேறு ஓசை இல்லாத காலைவேளையில் அந்தச் சொட்டும் ஒலி தெளிவாகக் கேட்கும். 2020 தீ இந்தக் காப்பகத்துக்குள்ளும் புகுந்தது, அடிமரங்களில் கரி படிந்திருப்பதைக் காண்பீர்கள்.

பத்தரை மணிக்குக் கிளம்பி ரிவர் ரோடு வழியாகக் கிழக்கே வந்து, வெஸ்ட்சைட் ரோடில் திரும்புங்கள். பனி கிழிந்து வெயில் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாலை குறுகலானது, சைக்கிள் ஓட்டிகள் நிறைய வருவார்கள், அவர்களைக் கடக்கும்போது மூன்றடி இடைவெளி விடுவது சட்டம். இருபுறமும் கொடிகள், நடுநடுவே உயர்ந்த கூம்புக் கூரையுள்ள பழைய கட்டடங்கள். திராட்சைக்கு முன்பு இங்கே பீருக்கான ஹாப் பயிர் செழித்த காலத்தில் அவற்றை உலர்த்திய சூளைகள் அவை.

சுவைக்கூடத்தில்

ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும். காலை பதினொன்றுக்கு ஒன்று, மதிய உணவுக்குப் பிறகு இரண்டரைக்கு ஒன்று என்று முன்பதிவு செய்யுங்கள். மூன்றாவது இடத்தில் நாக்கு மரத்துப்போயிருக்கும், கட்டணம் மட்டும் குறையாது. ஆளுக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்பது இப்போது இயல்பு. பாட்டில் வாங்கினால் கட்டணத்தைக் கழிக்கும் இடங்களும் உண்டு, முன்பதிவின்போதே கேட்டுவிடலாம். பெரிய பெயர்களைத் தேடி ஓடாமல், ஒரு குடும்பமே நடத்தும் சிறிய தோட்டம் ஒன்றையாவது தேர்ந்தெடுங்கள். அங்கே ஊற்றித் தருபவருக்கு ஒவ்வொரு நிலத்தின் கதையும் தெரிந்திருக்கும். இருபத்தொரு வயது நிறைந்தமைக்கான அடையாள அட்டை இருவரிடமும் இருக்க வேண்டும்.

உட்கார்ந்ததும், இருவருக்கும் சேர்த்து ஒரே சுவைப்பு போதும் என்று தயங்காமல் சொல்லலாம், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். வழக்கமாக நான்கைந்து ஒயின்கள் வரும், ஒவ்வொன்றும் இரண்டு மிடறு அளவு. கோப்பையைக் கிண்ணத்தில் பிடிக்காமல் தண்டில் பிடியுங்கள், கையின் சூடு ஒயினுக்கு ஏறாது. முதலில் சுழற்றாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூக்கே சொல்லும். இந்தப் பள்ளத்தாக்குப் பினோ நுவாரை வெளிச்சத்தில் பிடித்தால் அடர்சிவப்பாக இல்லாமல், மாதுளம்பழச் சாறுபோல் ஒளி ஊடுருவும் நிறத்தில் இருக்கும். எனக்கு அதில் முதலில் தெரிவது செர்ரி, பிறகு மழை விழுந்த மண்ணின் வாசம். என் கணவருக்கு ஏலக்காய் தெரிகிறது. புத்தகத்தில் உள்ள பெயர்களைத் தேட வேண்டாம், உங்கள் அடுக்களையில் பழகிய வாசங்களைத் தேடுங்கள். வாயில் எடுத்ததும் விழுங்காமல் நாக்கின் எல்லாப் பக்கமும் ஓடவிடுங்கள். வாயின் ஓரங்களில் எச்சில் சுரந்தால் அதுதான் நான் முன்பு சொன்ன புளிப்பு, குளிர்ந்த இரவுகள் காத்துத் தந்தது.

மேசையில் ஒரு சிறு வாளியோ குவளையோ வைத்திருப்பார்கள். சுவைத்ததை அதில் உமிழ்வதும், மீந்ததைக் கொட்டுவதும் இங்கே மரியாதைக் குறைவு ஆகாது. தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஓட்டுபவர் இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

சைவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒயினைத் தெளிவாக்க முட்டை வெள்ளைக்கருவோ, பாற்புரதமோ, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையோ சேர்த்து வடிப்பது பழைய வழக்கம், அது பாட்டிலின் மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. “எதைக் கொண்டு தெளியவைக்கிறீர்கள்?” என்று கேட்டால் நேராகச் சொல்வார்கள். எதுவும் சேர்க்காமல் தானே தெளியவிடும் ஒயின்களும் களிமண்ணால் தெளியவைப்பவையும் இந்தப் பகுதியில் தாராளமாகக் கிடைக்கின்றன.

இருவரும் சுவைக்க விரும்பினால், வெஸ்ட்சைட் ரோடில் எங்கும் நிற்காமல் நேரே ஹீல்ட்ஸ்பர்க் போய்விடுங்கள். அங்கே சதுக்கத்தைச் சுற்றி நடந்து போகும் தொலைவில் பல தோட்டங்களின் சுவைக்கூடங்கள் இருக்கின்றன. ஆனால் அப்படிச் செய்பவர்கள் அன்றிரவும் அங்கேயே தங்க வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை எடுக்க முடிந்தவர்களுக்கே இது பொருந்தும். ஒருவர் மது அருந்தாதவர் என்றால் எந்தச் சிக்கலும் இல்லை. அவர் நல்ல நிழலும் காட்சியும் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், மற்றவர் ஒயினைத் தேர்ந்தெடுக்கட்டும். எங்களோடு ஒருமுறை வந்த என் தங்கை ஒரு சொட்டும் குடிக்காமல், கொடிகளுக்கு நடுவே நடந்து பழுத்த பழத்தைத் தோட்டக்காரர் அனுமதியோடு பறித்துத் தின்று, எங்களைவிட நன்றாகப் பினோ நுவாரைப் புரிந்துகொண்டாள்.

திரும்பும் வழி

ஹீல்ட்ஸ்பர்க்கிலிருந்து 101 நெடுஞ்சாலை நேராகத் தெற்கே வருகிறது, சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் எழுபது மைல். ஞாயிறு மாலை நான்கு முதல் ஏழு வரை சான்டா ரோசாவிலிருந்து நெரிசல் இருக்கும். நான்கு மணிக்கு முன்பே கிளம்புங்கள், இல்லாவிட்டால் சதுக்கத்து மரநிழலில் அமர்ந்து இரவு உணவையும் முடித்துக்கொண்டு ஏழரைக்குப் புறப்படுங்கள்.

வாங்கிய பாட்டில்களை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம். அரை மணி நேரத்தில் காருக்குள் ஏறும் வெப்பம் ஒயினைக் கெடுத்துவிடும். கட்டுச்சோறு கொண்டுவந்த குளிர்பெட்டி இப்போது காலியாக இருக்கும், அதில் வைத்து மூடுங்கள். திறந்த பாட்டில், தக்கை அடைத்திருந்தாலும், பயணிகள் இருக்கும் பகுதியில் இருக்கக் கூடாது, அதை வண்டியின் டிக்கியில்தான் வைக்க வேண்டும். வீட்டில் அடுப்பிலிருந்தும் சன்னலிலிருந்தும் விலகிய இருட்டான அலமாரியில் பாட்டிலைப் படுக்கவைத்து, குலுங்கி வந்த அலுப்பு தீர இரண்டு வாரமாவது விட்டுவைத்துத் திறங்கள். நாங்கள் அதைத் திறக்கும் நாளில், கோட் ராக்கில் எடுத்துவந்த கூழாங்கற்கள் எதுவும் மேசையில் இருக்காது, மாநிலப் பூங்காவிலிருந்து கல்லையும் சிப்பியையும் எடுத்துவரக் கூடாது என்பதால். அந்த மாலையின் பனியை நினைவூட்ட அந்தக் கோப்பையே போதுமானதாக இருக்கிறது.